நியூட்டன் தட்டு காட்டுவது ஒளியையா, கண்ணையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நியூட்டன் தட்டு எனப்படும், ஏழு நிறங்கள் தீட்டிய வட்டத்தட்டைச் சுழற்றினால் அது வெண்மையாகத் தெரியும் என்றும், வெண்ணிற ஒளி ஏழு நிறங்களால் ஆனது என்பதற்கு அதுவே சான்று என்றும் கடந்த ஞாயிறன்று தங்கள் மாணவர் பகுதியில் எழுதப்பட்டிருந்தது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் பல ஆண்டுகளாக விஞ்ஞானம் கற்பித்து வருபவன் என்ற முறையில், இதன் முற்பகுதி பாதி உண்மை என்பதையும், பிற்பகுதி உண்மையே அன்று என்பதையும் தெரிவிக்க விரும்புகிறேன்.

எங்கள் மாணவர்கள் மட்டையை வட்டமாக வெட்டி நிறம் தீட்டி, நடுவில் இரண்டு துளையிட்டு நூல் கோத்து, இரு கைகளாலும் இழுத்து இழுத்துச் சுழற்றுவார்கள். சோடா மூடியைத் தட்டையாக்கி லயத்து வாசலில் விளையாடும் அதே விளையாட்டுத்தான். அப்படிச் சுழன்ற எந்தத் தட்டும் வெள்ளையானதை நான் கண்டதில்லை. "சேர், இது அடுப்புச் சாம்பல் மாதிரிதானே இருக்கு" என்று தரம் 7 மாணவி ஒருத்தி சொன்னாள். அவள் சொன்னதே சரி. தட்டின் ஒவ்வொரு பகுதியும் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. ஆகவே அவற்றின் சராசரி, வெள்ளைக் காகிதத்தின் பிரகாசத்தை எட்டுவதில்லை. சாம்பல் நிறமாகவே நிற்கிறது. 1850களில் சிவப்பு, பச்சை, நீலக் காகிதத் தட்டுகளைச் சுழற்றி ஆராய்ந்த விஞ்ஞானி மாக்ஸ்வெல், கிடைத்த நிறத்தை வெள்ளையோடு ஒப்பிடவில்லை. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து சுழன்று தரும் சாம்பல் நிறத்தோடுதான் ஒப்பிட்டார்.

இதைவிட முக்கியமானது, சுழலும் தட்டின்மீது நிறங்கள் கலப்பதே இல்லை என்பது. சிவப்புப் பகுதி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் சிவப்பாகவே இருக்கிறது. அடுத்தடுத்து வரும் நிறங்களைப் பிரித்தறிய நேரம் போதாமல் அவற்றை ஒன்றாக்கிவிடுவது நமது பார்வைதான். தட்டின் வேகம் ஏறும்போது கவனித்துப் பார்த்தால், நிறங்கள் முதலில் ஒன்றுகலந்துவிடுவதும், அதன் பிறகும் வெளிச்சத்தின் மினுக்கம் சற்று நேரம் நீடிப்பதும் தெரியும். நிற மாற்றத்தைப் பின்தொடர்வதில் கண், பிரகாச மாற்றத்தைப் பின்தொடர்வதைக் காட்டிலும் மந்தமானது. வெண்ணிற ஒளியின் இயல்புக்குச் சான்று வேண்டுமானால், நியூட்டன் 1666இல் கையிலெடுத்த, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் முக்கோணக் கண்ணாடியான அரியத்திடம்தான் செல்ல வேண்டும்.

அசைவு நிறத்தை அழிப்பது மட்டுமன்று, இல்லாத நிறத்தை உண்டாக்குவதும் உண்டு. இதை ஜெர்மனியரான ஃபெக்னர் 1838இலேயே எழுதிவிட்டார். 1894இல் இங்கிலாந்தின் சார்ல்ஸ் பென்ஹாம் (இவரும் ஒரு பத்திரிகைக்காரரே) இதனை ஒரு பம்பரமாக்கி விற்பனைக்கு விட்டார். தட்டின் ஒரு பாதி முழுக் கறுப்பு. மறு பாதி வெள்ளை. அந்த வெள்ளையில் மையத்திலிருந்து வெவ்வேறு தூரங்களில், படிக்கட்டுப் போல ஒன்றை அடுத்து ஒன்றாகச் சில கறுப்பு வில்கோடுகள். அவ்வளவுதான். இதை வினாடிக்கு ஐந்து முதல் பத்துச் சுற்று வேகத்தில் சுழற்றினால் கோடுகள் மங்கிய சிவப்பாகவும் பச்சையாகவும் நீலமாகவும் தோன்றுகின்றன. கறுப்பும் வெள்ளையும் கோடும் மாறி மாறி வரும் ஒழுங்குக்கு, விழித்திரையில் வெவ்வேறு நிறங்களை உணரும் நரம்புப் பாதைகள் ஒரே வேகத்தில் பதிலளிப்பதில்லை என்பதே இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம்.

எங்கள் நூல் சுழற்றிக்கு இதில் ஒரு தனி வசதி இருக்கிறது. நூலை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் தட்டு திசை மாறுகிறது. திசை மாறியதும், வேகம் தணியும் வேளையில் பார்த்தால், வெளி வளையத்தின் நிறமும் உள் வளையத்தின் நிறமும் இடம் மாறியிருக்கும். மூடுபனி இறங்கிய நாளில் வகுப்பறைக்குள் இதைச் செய்து காட்டியபோது பிள்ளைகள் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். மறுநாள் வெயிலில் வராந்தாவுக்கு அழைத்து வந்த பிறகு, முதலில் தெரிவது சிவப்பா மண்ணிறமா என்று சண்டையே மூண்டுவிட்டது. மின்விளக்கின் கீழ் செய்வதையும் தவிர்ப்பது நல்லது. சில விளக்குகளின் மினுக்கம் வேறு கோலங்களைக் காட்டிக் குழப்பிவிடும்.

ஆகவே, தங்கள் மாணவர் பகுதியில் அந்தக் குறிப்பைத் திருத்தி வெளியிடுவதோடு, பிள்ளைகள் வெட்டி மட்டையில் ஒட்டிக்கொள்ளக்கூடிய அளவில் பென்ஹாமின் தட்டையும் அச்சிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். நிறப் பக்கம் ஒதுக்க வேண்டியதில்லை. கறுப்பு மை போதும்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை.