விளையாட்டு பீரியடை நிறுத்தாதீர்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஏடிஹெச்டி என்று டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் உள்ள பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். நான்காம் வகுப்பு படிக்கும் என் மகனும் அவர்களில் ஒருவன்.

இவர்கள் சண்டை போட்டால் தலைமையாசிரியர் அறை, மன்னிப்புக் கடிதம், வீட்டுக்கு போன், அப்புறம் ஒரு வாரம் விளையாட்டு பீரியட் கிடையாது. இந்தக் கடைசித் தண்டனையை மட்டுமாவது நிறுத்தச் சொல்லுங்கள்.

தண்ணீர்க் குழாய் வரிசையில் பின்னால் நிற்பவன் தெரியாமல் இடித்துவிடுகிறான். வேறு பிள்ளை என்றால் திரும்பி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிடும். இவர்கள் முகத்தைப் பார்ப்பதற்குள் கை நீண்டுவிடும். கேட்டால், "வேணும்னே இடிச்சான்" என்பார்கள். அது பொய் இல்லை, அப்படித்தான் பட்டிருக்கும். அமெரிக்க உளவியலாளர்கள் நிக்கி க்ரிக்கும் கென்னத் டாட்ஜும் 1994-இல் இதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார்கள்: நடந்ததைக் கவனிப்பது, ஏன் நடந்தது என்று புரிந்துகொள்வது, தனக்கு என்ன வேண்டும் என்று தீர்மானிப்பது, வழிகளை யோசிப்பது, ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, செய்வது. அடிக்கடி கைநீட்டும் பிள்ளைகளில் பலர் இரண்டாம் படியில் இடறி, தற்செயலைப் பகையாக எடுத்துக்கொள்கிறார்கள். ஏடிஹெச்டி பிள்ளைகளில் பலர் முதல் படியில் பாதியைக் கோட்டைவிட்டு நேராகக் கடைசிக்குத் தாவுகிறார்கள். இரண்டும் சேர்ந்தே உள்ளவர்களும் உண்டு.

அறையில் உட்காரவைத்து, யாராவது இடித்தால் என்ன செய்யணும் என்று கேட்டால் என் மகன் "மிஸ்கிட்ட சொல்லணும்" என்று சரியாகச் சொல்வான். "தெரிஞ்சே செய்யறான்" என்று கோபம் வருவதும் அதனால்தான். தெரியும், ஆனால் அந்த நொடியில் உதவுவதில்லை. சண்டை எங்கே, எப்போது வருமோ அங்கேயே, அப்போதே பழக்க வேண்டும் என்கிறார் ஏடிஹெச்டி பற்றி ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரஸல் பார்க்லி. மைதானத்தையே பறித்துவிட்டால் எங்கே பழகுவது?

அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் உளவியலாளர்கள் மிர்னா ஷூரும் ஜார்ஜ் ஸ்பிவாக்கும் 1970-களிலேயே மழலையர் வகுப்பு ஆசிரியர்களை வைத்து ஒரு வழி செய்து பார்த்தார்கள். தீர்ப்புச் சொல்லாமல் கேள்வி கேட்பது: "அவன் ஏன் அப்படிச் செஞ்சான்? வேற காரணம் இருக்குமா? நீ வேற என்ன செய்யலாம்? செஞ்சா என்ன ஆகும்?" இரண்டு நிமிட வேலை. அடிபட்ட பிள்ளைக்கு நியாயம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவும் கட்டாயம் வேண்டும்.

இன்னொரு சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும் ஆர்பிஎஸ்கே (தேசியச் சிறார் நலத் திட்டம்) மருத்துவக் குழு பார்க்க வேண்டிய குறைபாடுகளில் ஏடிஹெச்டி உண்டு. ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்லும் 21 வகைகளில் அது தனியாக இல்லை. எங்களுக்கு டாக்டர் சீட்டு கிடைத்தது, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அதனால் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியரின் பட்டியலில் என் மகன் பெயர் இல்லை. வகுப்பு மிஸ்ஸுக்கோ இவனை எப்படிக் கையாள்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

சட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, சரி. டாக்டர் சீட்டு இருந்தாலே வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் இந்தப் பிள்ளைகளைப் பார்க்கலாம், பள்ளிக்கு வரும் நாளில் இடைவேளையில் மைதானத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பலாமே. அடுத்த ஆசிரியர் பயிற்சியில் அந்த நான்கு கேள்விகளுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்