உதைக்கும் முன் கையை உருவத் தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பதின்ம வயதினருக்குத் தற்காப்பு என்றதும் உதையும் குத்தும்தான் பலர் நினைவுக்கு வருகின்றன. முதலில் பழக வேண்டியது பிடியிலிருந்து விடுபடுவது. மணிக்கட்டை ஒருவர் பற்றினால், பிடியின் பலவீனம் அவரது கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளியில் இருக்கிறது. நேராகப் பின்னால் இழுத்தால் நான்கு விரல்களோடு மல்லுக்கட்ட வேண்டும். பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதற்குப் பதில் ஓரடி முன்வைத்து, முழங்கையை அவர் பக்கம் மடக்கி, மணிக்கட்டின் ஒடுங்கிய ஓரத்தை அந்த இடைவெளிக்குத் திருப்பி உருவ வேண்டும். மெதுவாகச் செய்தால் பிடி மாறிவிடும். கை விடுபட்டதும் கத்திக்கொண்டே ஆள் நடமாட்டமுள்ள காப்பிக்கடைப் பக்கம் ஓடுவதே சரி. நின்று சண்டையிட இது திரைப்படமல்ல.

காவல்துறையின் அவசர எண் 999ஐப் பிள்ளைகள் அழைத்தால் முதலில் புளோக் எண்ணையும் மாடியையும் சொல்லட்டும். பேச முடியாவிட்டால் 70999க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

மிளகுத் தெளிப்பானை இணையத்தில் தேடும் பெற்றோர் கவனத்திற்கு: சிங்கப்பூரில் அனுமதியின்றி அதை வைத்திருப்பதே குற்றம்.

தற்காப்புப் பயிற்றுநர், ஈசூன்