மசினகுடி விடுதியின் பழைய பதிவேடுகளைப் பாதுகாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மசினகுடி அருகே மூன்று தலைமுறையாக விடுதி நடத்திய குடும்பத்தின் பேத்தி.

பெறுநர்:
கள இயக்குநர் அவர்கள்,
முதுமலை புலிகள் காப்பகம்,
உதகமண்டலம்.

பொருள்: எங்கள் விடுதியின் 23 பதிவேடுகளை ஸ்கேன் செய்து காப்பகத்தின் ஆவணமாக வைத்துக்கொள்ள வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் தாத்தா மாயாறு மின்நிலையக் கட்டுமான வேலைக்காகச் சமவெளியிலிருந்து வந்தவர். வேலை முடிந்ததும் கூட வந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். அவருக்குத் திரும்ப மனமில்லை. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருகிறவர்கள், இருட்டிவிட்டால் தங்க இடமின்றித் தவிப்பதைப் பார்த்து, தன் ஓட்டு வீட்டை ஒட்டி இரண்டு அறைகள் கட்டினார். சமையல் பாட்டி. அப்படித்தான் விடுதி தொடங்கியது.

தங்குபவர் பெயர், ஊர் எழுதும் பதிவேட்டில் தாத்தா ஸ்கேல் வைத்துக் கூடுதலாக ஒரு கட்டம் போட்டார்: 'இன்று கண்டவை'. விருந்தினர் பார்த்ததை அதில் எழுதுவார். ஆனால் அந்தக் கட்டத்தை உண்மையில் நிரப்பியவர்கள் எங்களிடம் வழிகாட்டிகளாக இருந்த இருளர்கள். எந்தத் தடத்தில் யானைக் கூட்டம் ஆற்றுக்கு இறங்கியது, குட்டி எத்தனை, எந்தப் பள்ளத்தில் தண்ணீர் வற்றியது என்று அவர்கள் சொல்லச் சொல்லத் தாத்தா எழுதினார். பிறகு அப்பா, அப்புறம் நான்.

பாறுக் கழுகுகளைப் பற்றிய பக்கங்களைத் தாங்கள் நேரில் பார்க்க வேண்டும். பழைய நோட்டுகளில், மாடு செத்துக் கிடந்த இடங்களில் 'எண்ண முடியவில்லை' என்றே தாத்தா எழுதியிருக்கிறார். அப்பாவின் கையெழுத்து வரும்போது அது எண்ணக்கூடியதாகிவிட்டது. பிறகு மாதக்கணக்கில் அந்தப் பறவையின் பெயரே இல்லை. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். இன்றும் மாயாற்றுப் பள்ளத்தாக்கில், சிறியூர்ப் பக்கம் நீர்மருது மரங்களில் பாறு கூடு கட்டுகிறது. இழந்தது எவ்வளவு என்று அளக்க நினைப்பவர்களுக்கு இந்தப் பக்கங்கள் உதவும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதுமலை 1940-இல் சரணாலயமானது, 2007-இல் புலிகள் காப்பகமானது. காட்டுக்குள் நடக்கும் கணக்கெடுப்புகள் தங்களிடம் இருக்கும். எங்கள் நோட்டில் இருப்பது காடும் ஊரும் தொட்டுக்கொள்ளும் விளிம்பின் அன்றாடக் கதை.

எங்கள் நிலம் சீகூர் யானை வழித்தடத்துக்குள் வருகிறது. அந்த வழித்தடத்தை அறிவித்த 2010-ஆம் ஆண்டு அரசாணையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. விடுதியை மூடிவிட்டோம். வருத்தம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் யானை எந்த வழியில் போனது என்று மூன்று தலைமுறையாக எழுதிவைத்த நாங்களே அந்த வழியை மறிக்க முடியாது. ஆகவே கட்டடத்துக்காக எதையும் கேட்கவில்லை.

கேட்பது இவ்வளவுதான். நோட்டுகளை முறையாக ஸ்கேன் செய்து, ஆராய்ச்சியாளர்களும் உள்ளூர்ப் பிள்ளைகளும் பார்க்கும்படி வைக்க வேண்டும். விருந்தினர்களின் பெயர், முகவரியை மறைத்துவிட வேண்டும். அவர்கள் நம்பி எழுதிக்கொடுத்தவை அவை. தகவல் சொன்ன இருளர்களின் பெயர்களை மட்டும், அவர்கள் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, ஒவ்வொரு பதிவுடனும் சேர்க்க வேண்டும். தாத்தா அவற்றை ஓரத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறார். காப்பகத்துக்குள் இருக்கும் தெப்பக்காட்டில் ஒரு நோட்டையாவது பார்வைக்கு வைத்தால் பாட்டி மிகவும் சந்தோஷப்படுவார். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் எந்த நோட்டில் எந்த வருஷம் என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

நோட்டுகள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. இரண்டில் கரையான் ஏறிவிட்டது. அடுத்த மழைக்கு முன் நாள் குறித்துச் சொன்னால், தங்கள் அலுவலகத்துக்கு நாங்களே ஜீப்பில் கொண்டுவந்து ஒப்படைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்