உருப்போடும் வேளையில் பாட்டு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதுத்தேர்வு நெருங்குவதையொட்டி எங்கள் பகுதித் தனிப்பயிற்சி நிலையம் ஒன்று வீடு வீடாகத் துண்டறிக்கை வழங்கியிருக்கிறது. மாணவர் படிக்கும் நேரம் முழுவதும் அங்கே இசை ஒலிக்குமாம்; இசையால் மூளையின் ஆற்றல் பெருகும் என்பது வெளிநாட்டு ஆராய்ச்சியில் மெய்ப்பிக்கப்பட்டதாம். பெற்றோர் சிலர் இதுபற்றி என்னிடம் கேட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அவர்களிடம் சொன்னதைத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

அந்த ஆராய்ச்சி 1993-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியானது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் 36 கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடந்த சோதனை அது. மொசார்ட் இரண்டு பியானோக்களுக்கென அமைத்த இசையைப் பத்து நிமிடம் கேட்டபின், மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எந்த வடிவம் வரும் என்பன போன்ற வினாக்களுக்கு அவர்கள் சற்றுக் கூடுதலாகச் சரியான விடை எழுதினார்கள். அந்தப் பயன் கால் மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. அவர்கள் இசை கேட்டது சோதனைக்கு முன்புதான், விடை எழுதும்போது அல்ல. எதையும் மனப்பாடம் செய்யவும் இல்லை. இத்தனையும் மறக்கப்பட்டு, 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைப்பதிவு வழங்க அரசுப் பணம் கேட்கும் அளவுக்குச் செய்தி ஊதிப் பெருக்கப்பட்டது. பின்னர் இதே சோதனையைச் செய்து பார்த்த பலருக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. கிட்டிய இடங்களிலும், இசை தந்த உற்சாகமும் விழிப்பும்தான் காரணம் என்று விளக்கினார்கள்.

நம் பிள்ளைகளுக்குத் தேவையான ஆராய்ச்சி வேறு. ஒன்றை உருப்போடும்போது, வாய் மூடியிருந்தாலும் மனத்துக்குள் ஒரு குரல் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த வேளையில் காதில் விழும் பேச்சு, கவனித்துக் கேளாத பேச்சாக இருந்தாலும், அந்தக் குரலின் வரிசையைக் கலைத்துவிடுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் பேட்லி முதலிய உளவியலாளர்கள் 1970-களிலிருந்தே இதை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். சொற்களோடு கூடிய பாட்டு, வெறும் வாத்திய இசையைவிடக் கூடுதலாகக் கெடுக்கிறது. பிடித்த பாட்டானால் கெடுக்காது என்று மாணவர்கள் வாதிடுவதுண்டு. வரிசையை நினைவில் வைக்கும் சோதனைகளில் பிடித்த பாட்டும் பிடிக்காத பாட்டும் ஒரே மாதிரியாகத்தான் கெடுத்திருக்கின்றன.

எல்லா வேலைக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டு ஊற்றித் தரைக்கல் செய்பவரும், திண்ணையில் அமர்ந்து ஓலைக் கொட்டான் முடையும் ஆச்சியும் பாட்டுக் கேட்டபடியே பிழையின்றி வேலை செய்கிறார்கள். கை பழகிய வேலைக்குப் பாட்டுத் துணை. சொல்லைச் சொல்லால் பிடிக்க வேண்டிய வேலைக்கு அது போட்டி. என் பேரன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கணக்குப் போடுவதை முதலில் கண்டித்தேன். ஆனால் அவனுடைய பழகிய கணக்குகளில் என்னால் குறை காண முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேதியியலில்தான் மாட்டிக்கொண்டான். கார உலோகங்களின் வரிசையில் லித்தியம், சோடியம், பொட்டாசியம் வரை வந்தவன் ருபிடியத்தை விட்டுவிட்டுச் சீசியத்துக்குத் தாவினான். மூன்று நாள் அதே இடத்தில் அதே பிழை. கருவியைக் கழற்றி வைத்து, வாய்விட்டு நாலுமுறை சொன்னபின் வரிசை நின்றது.

“பாட்டு இல்லாவிட்டால் தூக்கம் வருகிறது, ஐயா” என்பது அவன் கட்சி. அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. எங்களுடையதைப் போன்ற பழைய வீடுகளில் வளவு முற்றத்தைச் சுற்றியே எல்லா அறைகளும் இருப்பதால், முன்கட்டில் ஓடும் தொலைக்காட்சித் தொடரின் அழுகை இரண்டாங்கட்டு வரை கேட்கும். அதை மறைக்கவாவது பிள்ளைகள் காதை அடைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லுமுன் பெரியவர்கள் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கலாம். ஏதேனும் கேட்டே ஆகவேண்டுமென்றால் சொல்லில்லாத வீணையோ புல்லாங்குழலோ கேட்கட்டும். வீணைக்குப் பேர்போன காரைக்குடி சகோதரர்களின் மண்ணில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் வாசிக்கப்படும் கீர்த்தனை மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளைக்கு வீணையிலும் வரிகள் கேட்கும் என்பதால், தெரியாத உருப்படியாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பயிற்சி நிலையத்தார் இசையை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. வகுப்பு தொடங்குமுன்னும் இடைவேளையிலும் தாராளமாக ஒலிக்கட்டும். செய்யுளும் வரையறைகளும் உருப்போடும் நேரத்தில் நிறுத்திவிடட்டும்.

கோயில் விழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. எங்கள் பக்கத்து அம்மன் கோயில்களின் மாசி, பங்குனி விழாக்கள் தேர்வு மாதத்தில்தான் வருகின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதிக்கும் ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளன. பிள்ளைகள் படிக்க உட்காருவதோ மாலை 6 மணிக்கு. காதில் மாட்டிய கருவியை என் பேரன் தானே கழற்றிக்கொள்வான். கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியை அவனால் கழற்ற முடியாது. தேர்வு முடியும் வரையிலாவது அதன் வாயை வீடுகளின் பக்கமிருந்து கோயில் பக்கமாகத் திருப்பிக் கட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தேவகோட்டை.