வீட்டைப் படம் எடுத்ததில் சேவைக் குறைபாடு: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மடிப்பாக்கத்தில் உள்ள எங்கள் ஃபிளாட்டை விற்பதற்காக உங்கள் பிரீமியம் போட்டோ பேக்கேஜுக்குப் பணம் கட்டியவள் நான். போன் செய்தால் ஆளுக்கு ஆள் மாற்றி விடுகிறார்களே தவிர யாரும் பதில் சொல்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

படம் எடுக்கும் முன் வீட்டை எப்படித் தயார் செய்ய வேண்டும் என்ற உங்கள் செக்லிஸ்ட்டை நான் விளக்க வேண்டியதில்லை. சமையல் மேடை காலியாக இருக்க வேண்டும் என்றீர்கள். மிக்ஸி, கிரைண்டர், சிலிண்டர் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. வெளிச்சம் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்றதால் மஞ்சள் பல்புகளைக் கழற்றி வெள்ளை மாட்டினோம். குடும்பப் படங்கள் சுவரில் இருக்கக் கூடாது என்பதும் அதில் இருந்தது. அப்பா போனதிலிருந்து அவர் படம் அந்த ஆணியை விட்டு இறங்கியதே இல்லை. அம்மாதான் மாலையைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, பழைய பட்டுப்புடவையில் சுற்றி பீரோவில் வைத்தார்.

படங்கள் மோசமாக வந்ததால் மறுபடி எடுத்துத் தாருங்கள் என்று கேட்டதற்கு உங்கள் சேவைப் பிரிவுப் பெண் சொன்ன பதில்: "போட்டோவை யார் மேடம் கழட்டச் சொன்னது? எடிட்டிங்ல எடுத்திருப்போம். இதுக்கெல்லாம் சீன் போடாதீங்க." ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் லிஸ்ட்டில் என்ன இருக்கிறது என்று உங்கள் ஆட்களுக்கே தெரியாதா? அழைப்புகள் பதிவாகின்றன என்கிறீர்களே, அதைப் போட்டுக் கேளுங்கள்.

காலை ஒன்பது மணிக்கு வர வேண்டிய ஆள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தார். ஹால் கிழக்குப் பார்த்தது, வெயில் காலையில்தான் உள்ளே வரும் என்று புக் செய்யும்போதே சொல்லியிருந்தேன். ட்ரைபாட் கூட இல்லை. பாதிப் படங்கள் கலங்கல். வைட் ஆங்கிள் லென்ஸைச் சாய்த்துப் பிடித்ததில் சுவர்கள் சரிந்து நிற்கின்றன. அன்று முழுக்க அடுப்பு பற்றவைக்கவில்லை, சர்க்கரை உள்ள அம்மாவுக்கு ஓட்டல் சாப்பாடு.

அந்தப் படங்களையே என்னைக் கேட்காமல் விளம்பரத்தில் ஏற்றிவிட்டீர்கள். வர இருந்தவர்கள் "வீடு இருட்டா இருக்கே" என்று ஒதுங்கிவிட்டார்கள். பல லட்சம் போச்சு. இனி யார் இந்த வீட்டை வாங்குவார்கள்?

தயவுசெய்து படங்களை உடனே நீக்கி, கட்டிய பணத்தை முழுதாகத் திருப்பித் தாருங்கள். அந்தப் பெண் அம்மாவிடம் போனில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் பேரமில்லை. ஒரு வாரம் பொறுப்பேன். பிறகு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்கள் ஹெட் ஆபீஸ் வெளியூரில் இருப்பது உதவாது.

நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மடிப்பாக்கம், சென்னை