பதினேழாவது கேள்வி: மனிதவள அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனிதவள அதிகாரிகளுக்கு,

வணக்கம். பணியில் சேரும் நாளில் நீங்கள் நிரப்பித் தரச் சொல்லும் மருத்துவப் படிவத்தைப் பற்றியது இம்மடல். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா என்று இறங்கிச் சென்ற அந்தப் பட்டியலில், பதினேழாவதாக ‘மனநோய் உண்டா?’ என்றொரு கேள்வியும் அதற்கெதிரே இரண்டு சிறிய கட்டங்களும் இருந்தன. மற்றவற்றை ஒரு நிமிடத்தில் முடித்த நான், அங்கே மட்டும் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக உட்கார்ந்திருக்க, எதிரில் இருந்த அலுவலர், “எல்லாத்துக்கும் ‘இல்லை’ன்னு போடுங்க சார், சும்மா ஃபார்மாலிட்டிதான்” என்றார். போட்டுவிட்டேன்.

எனக்கு இருப்பது பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோய்: தூக்கமே வேண்டாத அளவுக்கு உற்சாகம் எல்லை மீறும் காலமும், சோர்வில் மூழ்கும் காலமும் மாறி மாறி வரும். மனநிலையைச் சமனாக வைக்க லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். அது ரத்தத்தில் மிகுந்தால் நஞ்சு, குறைந்தால் பயனில்லை என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை, இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்து அளவு பார்க்க வேண்டும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் சோதிக்க வேண்டும். மாத்திரைக்கு நிகரான இன்னொரு மருந்து, நேரம் தவறாத தூக்கம். ஆக, நிறுவனத்திடம் எனக்குத் தேவைப்படுவது அவ்வப்போது அரை நாள் அனுமதியும், சுழற்சி முறை இரவுப் பணியிலிருந்து விலக்கும் மட்டுமே.

இதை நான் யாரிடமும் சொல்லாதவன் அல்லன். மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று தோன்றும் நாளில் தடுக்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக அக்காவிடம் சொன்னேன். அதிகாலை 3 மணிக்கு நான் மின்னஞ்சல்களாக அனுப்பித் தள்ளினால் முதலில் கவனிக்கப்போகிறவர் என்பதால் பக்கத்து இருக்கை நண்பரிடம் சொன்னேன். பெரியப்பா வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் தங்கைக்கு வரும் வரன்வரை அது போய்ச் சேரும். (இதைக் கோழைத்தனம் என்பவர் நம் ஊர்க் கல்யாணப் பேச்சுகளில் உட்கார்ந்ததில்லை போலும்.) ஒவ்வொருவரிடமும் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு, உங்கள் கட்டத்துக்கு அப்படி எந்தக் காரணமும் எனக்குச் சொல்லப்படவில்லை.

2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, என் ரகசியத்தைக் காக்கும் கடமையை எனக்குச் சிகிச்சை அளிப்பவர்கள்மீது சுமத்துகிறது. உங்கள் கோப்பு அலமாரியைப் பற்றி அது பேசவில்லை. மனநோயையும் உள்ளடக்கிய 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. நான் பார்த்த கொள்கை அறிக்கையோ சாய்தளத்தோடும் கழிவறைக் கைப்பிடியோடும் முடிந்துவிட்டது.

எனவே பதினேழாவது கேள்வியை எடுத்துவிட்டு, ‘பணியில் உங்களுக்கு ஏதேனும் வசதி தேவைப்படுமா?’ என்று கேளுங்கள். ‘இரவுப் பணி கூடாது என்பது மருத்துவர் ஆலோசனை’ என்று எழுதிக் கையெழுத்திடுவேன். அதற்கு நோயின் பெயர் வேண்டியதில்லை. பெயரும் அவசியம் என்று கருதினால், அதைப் படிக்கப்போகிறவர் யார், அது எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தாருங்கள். அது கைக்கு வரும் அன்று, என் கோப்பில் இருக்கும் அந்த ‘இல்லை’யை நானே வந்து திருத்துகிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரின் அலுவலகத்தில் மென்பொருள் சோதனைப் பிரிவில் பணிபுரிபவன்