ரேஷன் கடையில் சிறுபயறும் காணமும் (கொள்ளு) கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகள் திறக்கும் பருவத்தில் பிள்ளைகளுக்கான ஊட்டச்சத்து மாவு விளம்பரங்கள் பெருகுவதும், அவற்றைப் பார்த்த தாய்மார்கள் வீட்டுச் செலவில் எதையேனும் குறைத்து ஒரு டப்பாவை வாங்கி வைப்பதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தின் தக்கலை வட்டாரத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற என்னிடம் அக்கம்பக்கத்து இளம் தாய்மார்கள் இன்றும் கேட்பது, எந்த மாவு நல்லது என்பதைத்தான். அந்தப் பணத்துக்குச் சிறுபயறு வாங்குங்கள் என்று நான் சொல்லும் பதிலைச் சற்று விரிவாகத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்லவும், அதையொட்டி அரசிடம் ஒரு கோரிக்கை வைக்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருக்கிறது. கடலும் வயலும் மலையும் ஒரே மாவட்டத்துக்குள் அமைந்து, மீனும் கீரையும் பழமும் கிழங்கும் கைக்கெட்டும் தூரத்தில் விளையும் நம் பகுதியிலும் சோர்ந்து வெளிறிய முகங்களை நான் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். வயிறு நிறையாத வீடுகள் இன்று குறைவுதான். ஆனால் வயிற்றை நிறைப்பது பெரும்பாலும் சோறாகவோ மரச்சீனி என்னும் மரவள்ளிக்கிழங்காகவோ மட்டுமே இருப்பதையும், பயறு என்பது வாரத்தில் ஓரிரு நாள் வந்துபோகும் கூட்டுக்கறியாகச் சுருங்கிவிட்டதையும் எந்த வீட்டு அடுக்களையிலும் காணலாம்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு மற்றும் பயறு, 400 கிராம் காய்கறி மற்றும் கீரை, 100 கிராம் பழம், 300 மில்லி லிட்டர் பால் என்று ஒரு நாள் உணவைப் பிரித்துக் காட்டுகிறது. இதில் 85 கிராம் என்ற எண்ணை மட்டும் எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். பெரியவர்கள் நால்வர் உள்ள குடும்பத்துக்கு அது ஒரு நாளைக்கு 340 கிராம், மாதத்துக்கு 10 கிலோவுக்கும் சற்று அதிகம். மீனும் முட்டையும் சேர்த்துக்கொள்பவர்களுக்கு இந்த அளவில் ஒரு பகுதி குறையலாம், சிறுபிள்ளைகளுக்கும் குறைவாகவே போதும். அப்படியே பாதியாகக் கொண்டாலும் 5 கிலோ வேண்டும். ரேஷன் கடையில் ஓர் அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை நான்கு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் சொச்சம்தான் வரும். மீதியை வெளிச்சந்தை விலையில் வாங்க வேண்டியிருப்பதால் சாம்பார் நீர்த்துப்போகிறது, இலவசமாகக் கிடைக்கும் அரிசி அந்த இடத்தையும் நிரப்பிக்கொள்கிறது.

கஞ்சியும் பயறும் என்பது நம் மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக உழைப்பாளிகள் உண்ட உணவு. அதை ஏழையின் உணவு என்று கருதி ஒதுக்கிய பிள்ளைகள் பலர் உண்டு. அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பயறில் அது தாராளம். பயறில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்னும் மற்றோர் அமினோ அமிலம் அரிசியில் போதிய அளவில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது, தனித்தனியே தராத தரமான புரதத்தை உடலுக்குத் தருகின்றன. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை. 85 கிராம் பயறில் மட்டுமே அதில் ஏறத்தாழ 20 கிராம் கிடைத்துவிடும். சிறுபயறை முந்தின நாள் ஊறவைத்து முளைகட்டினால் இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும் பைட்டேட் குறைகிறது, வைட்டமின் சி உருவாகிறது. காணத் துவையலும், தொலி உளுந்து போட்டு வடிக்கும் உளுந்தஞ்சோறும், அதற்குத் தொட்டுக்கொள்ளும் எள்ளுத் துவையலும் இதே வரிசையில் வருபவை. பெண்பிள்ளை பூப்பெய்தியதும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்து உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கும் வீடுகள், அந்தச் சில நாள்களுக்குப் பிறகு அவளது தட்டில் உளுந்து வருகிறதா என்று கவனிப்பதில்லை. மாதந்தோறும் இரத்தம் இழக்கும் அவளுக்கு அது ஆண்டு முழுவதும் வேண்டும்.

மரச்சீனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதன் சாகுபடியை ஊக்குவித்தார் என்பதும், இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வராமல் நின்றபோது இந்தக் கிழங்குதான் நம் பாட்டன் பாட்டிகளின் பசியைத் தணித்தது என்பதும் நன்றியோடு நினைக்க வேண்டிய செய்திகள். ஆயினும் 100 கிராம் மரச்சீனியில் புரதம் ஏறத்தாழ 1 கிராம் அளவே உண்டு. அதில் சயனைடை உருவாக்கும் இயற்கைப் பொருள்களும் இருப்பதால், நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். எஞ்சியிருக்கும் சிறிதளவையும் உடல் மாற்றி வெளியேற்றுவதற்குப் புரதத்திலுள்ள கந்தகம் தேவைப்படுகிறது. கிழங்கோடு சாளை (மத்தி) மீன் குழம்பு வைக்கும் நம் முன்னோர் வழக்கம் நாவுக்கு மட்டுமின்றி உடலுக்கும் ஏற்றதாக அமைந்திருப்பது இதனால்தான். வெறும் மிளகாய்த் துவையலோடு கிழங்கை மட்டும் தின்று மதியத்தை முடிக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

மீன் என்றாலே நெய்மீனும் (வஞ்சிரம்) வாவலும்தான் சத்து என்ற எண்ணம் கடலோர ஊர்களை விட்டு விலகி வாழும் நம்மிடம் அதிகம். விருந்தாளிக்கு வைப்பதற்கு அவை இருக்கட்டும். விலை குறைந்த சாளையிலும் அயிலை எனப்படும் கானாங்கெளுத்தியிலும் இதயத்துக்கு நன்மை தரும் ஒமேகா-3 கொழுப்பும், வைட்டமின் டி-யும், பி12-உம் உண்டு; நெத்திலியை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்போது மீன் விலை ஏறும். அந்த மாதங்களில் முட்டையும் பயறும் கூடுதலாக வாங்கலாம், கருவாட்டை நன்றாக ஊறவைத்து உப்பைப் போக்கிச் சமைக்கலாம். மீனும் முட்டையும் சேர்க்காத வீடுகளில் பாலும் தயிரும் மோரும் தவறக் கூடாது. பி12 என்பது கீரையிலோ பயறிலோ கிடைப்பதன்று.

இரும்புச்சத்துக்கு வருகிறேன். வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் போதும் என்றும், மாதவிலக்குள்ள பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்தது. வீட்டில் யாருக்கு அதிகம் தேவையோ அவர்தான் கடைசியில் அமர்ந்து சட்டியில் மிஞ்சிய குழம்பை வழித்து ஊற்றி உண்கிறார். மீன் துண்டுகள் முதலில் ஆண்களுக்கும் பிறகு பிள்ளைகளுக்கும் என்று போய், தாயின் தட்டுக்குச் சாறு மட்டும் வருவதை அன்பென்றும் தியாகமென்றும் புகழ்வதை நாம் நிறுத்த வேண்டும். குடும்பம் சேர்ந்து அமர்ந்து உண்டால், அல்லது சமைத்து முடித்தவுடனேயே எல்லோருக்கும் பங்கு எடுத்து வைத்தால், கூடுதலாக ஒரு ரூபாய் செலவின்றி இந்தக் குறை பாதி தீரும் என்பது என் உறுதியான கருத்து.

தாவர உணவிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. அதோடு வைட்டமின் சி சேர்ந்தால் ஏற்பு கூடுகிறது, தேநீரும் காப்பியும் சேர்ந்தால் குறைகிறது. ரப்பர் தோட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் முந்திரி ஆலைக்கும் செல்லும் பெண்கள் காலைப் பலகாரத்தோடு கட்டன் சாயா குடிப்பது வழக்கம். அதை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளிவைத்துவிட்டு, சாப்பாட்டோடு நெல்லிக்காய்த் துண்டோ, கொய்யாப்பழமோ, துவரன் (பொரியல்) மீது பிழிந்த எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் அதே உணவிலிருந்து கூடுதல் இரும்பு கிடைக்கும். வேலியில் நிற்கும் முருங்கையும் கிணற்றடியில் வளரும் தண்டுக்கீரையும் நம் புரையிடங்களில் (வீட்டைச் சுற்றியுள்ள நிலங்களில்) இன்னும் இருக்கின்றன. கீரையைக் கழுவிய பிறகு நறுக்கி, குறைந்த நீரில் சிறிது நேரமே வேகவைத்து, தேங்காய்த் துருவலோடு இறக்கினால் அதிலுள்ள வைட்டமின் ஏ-யின் மூலப்பொருளை உடல் ஏற்கத் தேவையான கொழுப்பும் கூடவே சேர்ந்துவிடும். ஆனால் அவியலிலும் தீயலிலும் தேங்காய் அரைத்துச் சேர்க்கும் நாளில் தாளிப்பதற்கும் பொரிப்பதற்கும் எண்ணெயைத் தாராளமாக ஊற்றக் கூடாது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெயே தேசிய ஊட்டச்சத்து நிறுவன வழிகாட்டுதல் கூறும் அளவு.

ஏற்கெனவே இரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் உணவை மட்டும் நம்பியிருக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரைகளை இடைவிடாமல் உட்கொள்ள வேண்டும். கருப்பட்டி சேர்த்தால் போதும் என்று மாத்திரையை நிறுத்தும் வழக்கம் ஆபத்தானது; கருப்பட்டியும் பெருமளவு சர்க்கரையே.

குழந்தைகளையும் முதியோரையும் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு உலர்த்திய ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடியைக் காய்ச்சி ஊட்டுவது நம் பகுதி வழக்கம். அது எளிதில் செரிக்கும், ஆனால் பெரும்பாலும் மாவுச்சத்துதான். அதோடு நிறுத்தாமல் குழைய வேகவைத்த பயறு, மசித்த கீரை, முட்டை, முள் நீக்கிய மீன் என ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவு அந்தக் குழந்தைக்கு உரியது. அது வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பலகாரமாக மாறக் கூடாது. முதியோர் பல் இல்லை, பசி இல்லை என்று இரவில் ஊறுகாயோடு கஞ்சி குடித்துப் படுத்துவிடுகிறார்கள். வயது ஏற ஏறத் தசை தேய்வதால் அவர்களுக்குப் புரதம் இன்னும் முக்கியமாகிறது. அந்தக் கஞ்சியிலேயே ஒரு பிடி சிறுபயறைச் சேர்த்துக் குழைய வேகவைப்பது எந்த மருமகளுக்கும் மகனுக்கும் கூடுதல் வேலை ஆகாது.

டப்பா மாவுகளைப் பொறுத்தவரை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலை ஆணையம் 2024 ஏப்ரலில், மால்ட் மற்றும் தானியக் கலவைப் பானங்களை இணைய விற்பனைத் தளங்களில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற வகையில் காட்டக் கூடாது என்று அறிவுறுத்தியதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். டப்பாவின் பின்புறம் அச்சிட்டுள்ள சர்க்கரை அளவைப் படித்துவிட்டு வாங்குவதா என்று முடிவு செய்யலாம்.

இனி என் கோரிக்கை. நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த 1956-ஆம் ஆண்டில்தான் காமராசர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அவரையே பின்னர் 1969-இல் நாகர்கோவில் தொகுதி மக்களவைக்கு அனுப்பியது. பள்ளிப் பிள்ளைகளின் தட்டுக்கு அரசு பொறுப்பேற்றதன் பலனை நேரில் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவள் நான். ரேஷன் அரிசியைச் செறிவூட்டுவது வரவேற்கத்தக்கது என்றாலும், அதில் சேர்ப்பவை இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவையே; புரதக் குறையை அது தீர்க்காது. எனவே துவரம் பருப்பைப் போலவே சிறுபயறையும் காணத்தையும் மானிய விலையில் அட்டைக்கு 1 கிலோ வீதமாவது வழங்க வேண்டும் என்றும், முதற்கட்டமாக மலையோரப் பகுதிகளிலும் தடைக்கால மாதங்களில் மீனவ ஊர்களிலும் இதைச் செயல்படுத்திப் பார்க்க வேண்டும் என்றும் உணவுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். நாஞ்சில் நாட்டு வயல்களில் நெல் அறுவடைக்குப் பின் ஈரம் இருக்கும்போதே உளுந்தும் பயறும் விதைக்க விரும்பும் விவசாயிகளுக்கு விதையும் கொள்முதல் உறுதியும் கிடைத்தால், அந்தப் பயறை உள்ளூரிலேயே வாங்கவும் முடியும்.

தங்கள் நாளிதழிடமும் ஒன்று வேண்டுகிறேன். வாரந்தோறும் வெளியிடும் சமையல் குறிப்புகளில், நம் சந்தையில் அந்த வாரம் மலிவாகக் கிடைக்கும் மீன், கீரை, பயறு ஆகியவற்றைக் கொண்டு ஒரு குடும்பத்தின் ஏழு நாள் சாப்பாட்டைத் திட்டமிட்டுக் காட்டும் பகுதியொன்றைச் சேர்த்தால், அதைக் கத்தரித்து அடுக்களைச் சுவரில் ஒட்டிவைக்கப் பல வீடுகள் காத்திருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.